மூளைப் படிமமும் மருத்துவச் சான்றும்: மனச்சோர்வுக்கான ஆழ்மூளைத் தூண்டல் ஆய்வுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மருந்துகளுக்கும் பிற சிகிச்சைகளுக்கும் இணங்காத மனச்சோர்வு நோய்க்கு ஆழ்மூளைத் தூண்டல் பயன்படுமா என்னும் வினா 2005 முதல் தீவிரமாக ஆராயப்பட்டு வருகிறது. மின்முனை பொருத்தவேண்டிய இடத்தைத் தேர்ந்தளித்தவை மூளைப் படிமங்களே. பெரிய சோதனை ஒன்று தோல்வியுற்றபின் அத்தோல்விக்கு விளக்கம் அளித்தவையும் அவையே. அப்படிமங்கள் எதற்குச் சான்றாகின்றன, எதற்கு ஆகவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆழ்மூளைத் தூண்டல், மூளைப் படிமம், மனச்சோர்வு, போலித் தூண்டல், சான்று

முன்னுரை

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் ஒருவரின் மூளைக்குள் மெல்லிய மின்முனை ஒன்று செலுத்தப்படுகிறது. நோயாளி விழித்திருக்கிறார். மின்னோட்டம் தொடங்கிய சில நொடிகளில் நடுக்கம் அடங்குகிறது; மின்னோட்டத்தை நிறுத்தினால் திரும்பி வருகிறது. அறுவை அரங்கில் இருக்கும் எவரும் இதைக் கண்ணால் காணலாம். ஆழ்மூளைத் தூண்டல் மருத்துவ உலகின் நம்பிக்கையைப் பெற்றதில் இக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு.

அதற்கு முன்னர், நடுக்கத்தைப் போக்கத் தலாமஸின் ஒரு சிறு பகுதியை வெப்பத்தால் அழிப்பதே வழக்கமாக இருந்தது. அழிக்கவேண்டிய இடத்தை உறுதிசெய்ய அறுவையாளர்கள் முதலில் அங்கு மின்தூண்டல் செய்து பார்ப்பர். பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிடும் பியர் போலாக்கும், ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் தூண்டினால் அழிக்காமலேயே நடுக்கம் நிற்பதைக் கண்டனர். மின்முனையை நிலையாகப் பொருத்தும் முறையை அவர்கள் 1987இல் வெளியிட்டனர். 1990இல் பெர்க்மன், விக்மன், டிலாங் ஆகியோர் பார்க்கின்சன் நிலை உண்டாக்கப்பட்ட குரங்குகளில் சப்தலாமிக் உட்கருவைச் செயலிழக்கச் செய்தபோது இயக்கக் குறைபாடுகள் நீங்கியதைக் காட்டினர். கிரெனோபிள் குழு அதே உட்கருவை மனிதரில் தூண்டிப் பெற்ற முடிவுகள் 1995இல் வெளிவந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் நடுக்கத்திற்கும் 2002இல் பார்க்கின்சன் நோய்க்கும் இச்சிகிச்சையை ஏற்றது.

ஆக, பார்க்கின்சன் நோயில் இச்சிகிச்சைக்கு இரண்டு ஊன்றுகோல்கள் இருந்தன. ஒன்று, கண்முன் நின்றுபோகும் நடுக்கம். மற்றொன்று, விலங்கில் சோதித்தறிந்த நரம்புச்சுற்று. மனச்சோர்வு நோய்க்கு இவ்விரண்டுமே இல்லை. துயரம் கையில் நடுங்குவதில்லை. நம்பிக்கையிழந்த குரங்கை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிவிட்டதாக எவரும் துணிந்து கூறுவதில்லை. அவ்விரு வெற்றிடங்களையும் நிரப்பும் பொறுப்பு மூளைப் படிமத்தின்மேல் விழுந்தது. அப்பொறுப்பைத் தாங்கும் வலிமை அதற்கு இருந்ததா என்பதே இங்கு எழும் சிக்கல்.

இடத்தைத் தேர்ந்த படிமம்

தமிழ்த் திறனாய்வில் ‘படிமம்’ என்பது கவிதையியற் கலைச்சொல். மருத்துவத் தமிழில் அச்சொல் கருவிவழிப் பெறும் உருவத்தைக் குறிக்க வந்தது தற்செயலானதாகலாம். ஆயினும் அப்பொருளுக்கு அது ‘படம்’ என்பதைக் காட்டிலும் பொருத்தமாகவே அமைந்துள்ளது. கவிஞர் கண்டதை அப்படியே எடுத்துவைப்பதில்லை, படிமத்தை ஆக்குகிறார். பெட் கருவியும் மூளையைப் படம்பிடிப்பதில்லை. உடலுக்குள் செலுத்தப்பட்ட கதிரியக்கப் பொருள் எங்கு எவ்வளவு சேர்கிறது என்று எண்ணி, ஒரு நிலையின் எண்களை மற்றொரு நிலையின் எண்களோடு ஒப்பிட்டு, பலரின் மூளைகளை ஒரே அச்சில் பொருத்திச் சராசரி கண்டு, குறிப்பிட்ட புள்ளியியல் எல்லையைக் கடந்த இடங்களுக்கு மட்டும் நிறமூட்டித் தருகிறது. சிவப்பாகத் தெரிவது கொதிக்கும் மூளையன்று. ஒரு கணக்கின் விடை.

ஹெலன் மேபெர்க் குழு 1999இல் வெளியிட்ட பெட் ஆய்வே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அடித்தளம். உடல்நலமுள்ளோரிடம் அவர்தம் துயர நினைவுகளை எழுப்பியபோது, மூளையின் நடுக்கோட்டில் ஆழத்திலுள்ள சப்ஜெனுவல் சிங்குலேட் பகுதியில் குருதியோட்டம் மிகுந்தது. முன்னெற்றிப் புறணியில் குறைந்தது. மருந்தால் மனச்சோர்விலிருந்து மீண்டவர்களிடம் இதற்கு நேர்மாறான போக்குக் காணப்பட்டது. பிராட்மன் வகுத்த புறணி வரைபடத்தில் 25 என எண்ணிடப்பட்ட அப்பகுதி துயரத்தின் ஒரு கணுவாகக் கருதப்பட்டது அதன்பின்னரே.

இதே பகுதியைப் பற்றி 1997இல் ‘நேச்சர்’ இதழில் வேய்ன் டிரெவெட்ஸ் குழு எழுதியது மறுதலையானது. குடும்பவழி மனநிலை நோயுடையோரிடம் அங்குச் செயற்பாடு குறைந்திருப்பதாக அக்குழு கண்டது. கூடவே, அப்பகுதியின் சாம்பற்பொருளின் கனஅளவும் குறைந்திருந்ததைக் காட்டியது. திசு சிறுத்திருந்தால் பெட் கருவி அங்கு எண்ணும் அளவும் குறைவாகவே வரும். அக்குறைவைக் கணக்கில் கொண்டு திருத்தினால், எஞ்சிய திசுவில் செயற்பாடு உண்மையில் மிகுந்திருக்கிறது என்ற விளக்கம் பின்னர் வந்தது. இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. எனினும், திருத்தத்திற்கு முன் ‘குறைவு’ என்றும் திருத்தத்திற்குப் பின் ‘மிகுதி’ என்றும் பொருள்படும் ஓர் எண், தலையைத் துளையிடும் முடிவுக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று அக்காலத்தில் போதிய அளவு கேட்கப்படவில்லை.

2005இல் டொரன்டோவில் அறுவையாளர் ஆண்ட்ரெஸ் லொசானோவுடன் இணைந்து மேபெர்க் ஆறு நோயாளர்க்கு அப்பகுதியை ஒட்டிய வெண்பொருளில் மின்முனைகளைப் பொருத்தினார். ஆறு மாத முடிவில் நால்வரிடம் முன்னேற்றம் நிலைத்தது. அறுவை அரங்கிலேயே சிலர் மனம் திடீரென இலேசானதாகவும் அறை வெளிச்சமானதாகவும் கூறியது பரவலாக எடுத்துரைக்கப்பட்டது. நடுக்கம் நிற்கும் காட்சிக்கு இணையாக மனச்சோர்வுக்கும் ஒரு காட்சி கிடைத்துவிட்டதென்ற எண்ணம் இங்கிருந்தே வேர்கொண்டது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நடுக்கம் மின்னோட்டம் நின்றதும் திரும்புவதைப் புறத்தார் காண்கின்றனர். மனம் இலேசானதை நோயாளி சொல்லித்தான் மற்றவர் அறிகின்றனர். அரங்கில் தோன்றிய அவ்வுணர்வும் மாதங்கள் கழித்து வரும் நலமும் ஒரே நிகழ்வா என்பதும் தனியே நிறுவவேண்டிய ஒன்று.

சிகிச்சைக்குப் பின் எடுக்கப்பட்ட பெட் படிமங்களில் சப்ஜெனுவல் குருதியோட்டம் குறைந்திருந்தது சிகிச்சை வேலைசெய்ததற்கு அறிகுறியாக முன்வைக்கப்பட்டது. இவ்வாதத்தின் வலுவின்மை மேபெர்க்கின் முந்தைய ஆய்வொன்றிலேயே வெளிப்பட்டிருந்தது. 2002இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரைப்படி, மருந்துப்போலி உட்கொண்டு நலம்பெற்றவர்களிடமும் அதே பகுதியில் செயற்பாடு குறைந்தது. நலம் வந்தால் படிமம் மாறும். நலத்தை எது கொணர்ந்தது என்று படிமம் கூறாது. அரிய முன்னோடி ஆய்வாளர் ஒருவர் தம் கையாலேயே எழுதிவைத்த எச்சரிக்கை அது. 2005ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டியோரின் ஆர்வம் அந்த எச்சரிக்கையின் பக்கம் அவ்வளவாகத் திரும்பவில்லை.

பிராடன் சோதனை

2008இல் லொசானோ குழு 20 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டது. ஆறு மாதத்தில் 60 விழுக்காட்டினரிடம் முன்னேற்றம். இவை அனைத்தும் திறந்தநிலை ஆய்வுகள். தூண்டல் நடைபெறுவது நோயாளிக்கும் மருத்துவர்க்கும் தெரியும். அவ்வாண்டே செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனத்தின் ஆதரவில் பிராடன் என்னும் பன்மையச் சோதனை அமெரிக்காவில் தொடங்கியது. 90 பேருக்கு மின்முனை பொருத்தப்பட்டது. சமவாய்ப்பு முறையில் 60 பேருக்கு மின்னோட்டம் தரப்பட்டது. 30 பேருக்குக் கருவி ஆறு மாதம் இயக்கப்படாமல் வைக்கப்பட்டது. எவர் எக்குழு என்பது நோயாளிக்கும் மதிப்பிடுவோருக்கும் மறைக்கப்பட்டது.

முடிவு: தூண்டல் குழுவில் 12 பேர், அதாவது 20 விழுக்காட்டினர், போலித் தூண்டல் குழுவில் 5 பேர், 17 விழுக்காட்டினர். இடைக்காலப் பயனின்மைப் பகுப்பாய்வுக்குப் பின் மேலும் ஆள்சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கடைசி அறுவை 2012இல் முடிந்தது. முழுமையான கட்டுரை ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்தது 2017இல். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இத்துறை தொடர்ந்து இயங்கியது; எதிர்மறை முடிவின் விவரங்கள் மட்டும் அச்சில் இல்லை.

மற்றொரு பகுதியை இலக்காகக் கொண்டு மெட்ரானிக் நிறுவனம் ஆதரித்த ரீக்ளெய்ம் சோதனையும் (2015) இதே விதியைச் சந்தித்தது. 16 வாரத்தில் தூண்டல் பெற்ற 15 பேரில் மூவர், போலித் தூண்டல் பெற்ற 14 பேரில் இருவர் என்பதே அதன் கணக்கு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு ஆய்வில் ஹாமில்டன் அளவுகோலில் 50 விழுக்காடு குறைவே முன்னேற்றம் எனக் கொள்ளப்பட்டது. பிராடனில் மான்ட்கோமரி – ஆஸ்பர்க் அளவுகோலில் 40 விழுக்காடு குறைந்தாலே போதும். எல்லை தளர்த்தப்பட்ட பின்னரும் வேறுபாடு மூன்று விழுக்காட்டுப் புள்ளிகளே.

காலம் என்னும் விளக்கம்

பிராடனில் பங்கேற்றோர்க்கு ஆறு மாதத்திற்குப் பின் அனைவர்க்கும் மின்னோட்டம் தரப்பட்டது. இரண்டாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் முன்னேற்றமும், நான்கில் ஒரு பங்கினரிடம் நோய்த் தணிவும் காணப்பட்டன. இதிலிருந்து பிறந்ததே ‘ஆறு மாதம் போதாது’ என்னும் விளக்கம். மனச்சோர்வில் மூளைச்சுற்று மெல்ல மெல்லவே மாறுகிறது. பார்க்கின்சன் நோயின் கடிகாரத்தைக் கொண்டு இதை அளந்தது பிழை. மறைப்புக் காலத்தில் மின்னோட்ட அளவுகளை மாற்றவும் போதிய இடம் தரப்படவில்லை என்பது அவ்வாதம்.

இவ்விளக்கம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வழமையான சிகிச்சை பெறும் இணங்கா மனச்சோர்வு நோயாளரைப் பின்தொடர்ந்த டன்னர் குழுவின் ஆய்வில் (2006) இரண்டாண்டு முடிவில் முன்னேறியவர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அதனோடு ஒப்பிட்டால் பாதிப்பேர் என்பது சிறிதன்று. எமரியில் சிகிச்சை பெற்ற 28 பேரை எட்டாண்டு வரை தொடர்ந்த ஆய்விலும் (2019) முன்னேற்ற விகிதம் 50 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கவில்லை. மருந்துப்போலியால் வரும் நலம் இத்தனை ஆண்டுகள் நிலைப்பது அரிது.

ஆயினும் காலம் ஒன்றே காரணம் என்றால் டிஸ்டோனியா நோய்க்கான சான்று இடையில் நிற்கிறது. தசைகள் தாமே முறுக்கிக்கொள்ளும் அந்நோயிலும் ஆழ்மூளைத் தூண்டலின் பயன் நொடிகளில் வருவதில்லை; வாரங்களும் மாதங்களும் எடுத்துக்கொள்கிறது. அவ்வாறிருந்தும் 2006இல் குப்ஷ் குழு 40 நோயாளரைக் கொண்டு மூன்றே மாதம் நடத்திய போலித் தூண்டல் ஒப்பீட்டுச் சோதனை தெளிவான வேறுபாட்டைக் காட்டியது. தூண்டல் குழுவில் நோய்க்கடுமைப் புள்ளிகள் சராசரியாக 15.8 குறைந்தன; போலிக் குழுவில் 1.4 மட்டுமே. மெதுவாக வேலைசெய்யும் சிகிச்சையைக் குறுகிய காலத்தில் நிறுவ இயலாது என்னும் பொதுவிதி இல்லை. விளைவு பெரிதாக இருந்து, அளவுகோலும் உறுதியாக இருந்தால் மூன்று மாதமே போதுமானதாகிறது. மனச்சோர்வில் விளைவு சிறிதா, அளவுகோல் தளர்ந்ததா, மின்முனை இடம் தவறியதா, அல்லது ‘மனச்சோர்வு’ என்னும் ஒரு பெயரின்கீழ்ப் பல நோய்கள் கலந்துள்ளனவா என்பதையே கேட்கவேண்டும். இவற்றுள் இறுதியானதே மிகக் குறைவாகக் கேட்கப்படுகிறது.

காலச் சிக்கலைக் கடக்க நெதர்லாந்தில் பெர்க்ஃபெல்ட் குழு (2016) மேற்கொண்ட வழி இத்துறையில் வந்தவற்றுள் நேர்த்தியானது. 25 பேருக்கு ஓராண்டு வரை திறந்தநிலையில் அளவுகளைச் சீர்செய்தனர்; பத்துப் பேரிடம் முன்னேற்றம். அதன்பின்னரே 16 பேரை மறைப்புக்கு உட்படுத்தி, தூண்டலும் நிறுத்தமும் மாறிமாறி வரச் செய்தனர். தூண்டல் நடக்கும்போது ஹாமில்டன் சராசரி 13.6, நிறுத்தியபோது 23.1. பார்க்கின்சன் அறுவை அரங்கில் சில நொடிகளில் நிகழும் அதே சோதனை இங்கு ஓராண்டுக் காத்திருப்புக்குப் பின் நிகழ்ந்திருக்கிறது. எனினும் இங்கும் ஒரு நெருடல் உண்டு. ஓராண்டு தூண்டலில் வாழ்ந்தவர் அது நிற்பதை உடலால் உணர்ந்துவிடக்கூடும். நின்றதும் நிலை தாழ்வது நோய் மீள்வதா, திடீர் நிறுத்தத்தின் விளைவா என்பதைப் பிரித்தறிவதும் எளிதன்று.

நார்த்தடங்கள்: படிமத்தின் இரண்டாம் வருகை

பிராடனில் மின்முனையின் இடம் ஒவ்வொருவரின் காந்த அதிர்வுப் படிமத்தில் தெரியும் உடற்கூற்று எல்லைகளைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. 2014இல் ரிவா-போசே, மேபெர்க் உள்ளிட்டோர், முன்னேறிய நோயாளரின் தூண்டல் புலம் நான்கு வெண்பொருள் நார்க்கற்றைகள் கூடும் சந்தியைத் தொட்டிருந்ததாகக் கண்டனர். நீர் மூலக்கூறுகள் நரம்பு நார்களின் நெடுக்கில் எளிதாகப் பரவுவதை அளந்து நார்களின் தடத்தைக் கணித்தறியும் முறை இதற்குப் பயன்பட்டது. 2018இல் அதே குழு 11 பேருக்கு அச்சந்தியை முன்கூட்டியே வரைந்து மின்முனை பொருத்தியது. ஆறு மாதத்தில் எட்டுப் பேர், ஓராண்டில் ஒன்பது பேர் முன்னேறினர்.

20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டிற்கு ஏறிய இக்கணக்கு மயக்கக்கூடியது. நார்த்தட முறையால்தான் இவ்வுயர்வு வந்தது என முடிவுகட்ட ஓர் ஒப்பீட்டுக் குழு வேண்டும்; அது இல்லை. இது மீண்டும் திறந்தநிலை ஆய்வு. மீண்டும் சிறு எண்ணிக்கை. மீண்டும் அனுபவம் முதிர்ந்த ஒரே குழு. 2008ஆம் ஆண்டின் 60 விழுக்காடும் இதே தகுதிகளோடுதான் வந்தது என்பதை மறத்தலாகாது. கணித்தறியும் தடங்களும் முழுமையான நம்பிக்கைக்கு உரியன அல்ல. மையர்-ஹைன் தலைமையில் 2017இல் வெளிவந்த ஒப்பாய்வில், விடை முன்பே தெரிந்த செயற்கைத் தரவை 20 ஆய்வுக்குழுக்கள் தத்தம் முறைகளால் பகுத்தன. உண்மையான கற்றைகளுள் பெரும்பாலானவற்றை அவை கண்டுபிடித்தன. அவற்றோடு, இல்லாத கற்றைகளை இருப்பனவற்றைக் காட்டிலும் மிகுதியாகவே வரைந்தும் காட்டின.

படிமம் முதலில் இடத்தைக் கொடுத்தது. அவ்விடத்தில் செய்தது சோதனையில் தோற்றது. தோற்றதற்குக் காரணம் படிமம் போதிய நுட்பமாக இல்லாமையே என்று கூறி, நுட்பமான படிமம் அழைக்கப்பட்டது. இவ்வாறு செல்லும் ஆய்வுப்போக்கில் கோட்பாடு ஒருபோதும் தோற்க வழியில்லை. மேபெர்க்கின் கருதுகோள் தவறென்று இதனால் ஆகாது; தவறாயிருந்தால் அதை எவ்வாறு அறிவது என்னும் ஏற்பாடு இல்லாமையே குறை. சப்தலாமிக் உட்கருவைப் பொறுத்தவரை அவ்வேற்பாடு இருந்தது: நடுக்கம் நிற்காவிட்டால் மின்முனையை இடம் மாற்றியாக வேண்டும்.

2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அலகப்பன் உள்ளிட்டோரின் கட்டுரை இக்குறையை நேர்கொண்டு அணுகுவதால் முக்கியத்துவம் பெறுகிறது. மின்முனையே அருகிலுள்ள நரம்பணுத் தொகுதியின் மின்அலைகளைப் பதிவுசெய்யும் கருவி பத்துப் பேருக்குப் பொருத்தப்பட்டது. 24 வாரத்தில் ஒன்பது பேர் முன்னேறினர். இவர்களுள் ஆறு பேரின் பதிவுகளிலிருந்து, நலநிலைக்கும் நோய்நிலைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணினிவழிக் கற்றல் முறை பிரித்தறிந்தது. நோயாளி சொல்லும் சொல்லுக்கு வெளியே, கைநடுக்கத்தைப் போல் அளக்கத்தக்க ஓர் அடையாளம் மனச்சோர்வுக்கும் கிட்டுமாயின் இத்துறையின் அடிப்படைச் சிக்கலே மாறிவிடும். ஆறு பேர் என்பது அதற்குப் போதாது. அக்கட்டுரையாளரும் போதும் எனக் கூறவில்லை.

தலையைத் திறக்காத காந்தத் தூண்டலிலும் இதே 25ஆம் பகுதியோடுள்ள தொடர்பைப் படிமத்தில் கண்டு இலக்கைத் தேர்கின்றனர். ஸ்டான்ஃபோர்டின் ஐந்துநாள் முறைக்கான இருமறைப்புச் சோதனை (2022) 29 பேரிடம் நடந்தது. நான்கு வாரத்தில் தூண்டல் குழுவில் நோய்ப்புள்ளிகள் சராசரி 52.5 விழுக்காடும் போலிக் குழுவில் 11.1 விழுக்காடும் குறைந்தன. இதில் ஒரு நாளைக்குப் பத்துமுறை தூண்டியதன் பங்கு எவ்வளவு, படிமத்தால் இலக்கமைத்ததன் பங்கு எவ்வளவு என்பது அச்சோதனையால் பிரிபடவில்லை.

கருவியும் அதைச் சுமப்பவரும்

மருந்துச் சோதனை தோற்றால் பங்கேற்றவர் மாத்திரையை நிறுத்திவிடலாம். பிராடனில் பங்கேற்றவர்களின் மூளையில் மின்முனையும் மார்புத் தோலடியில் மின்கலமும் இருந்தன. அச்சோதனையில் 28 பேரிடம் 40 கடும் பாதகநிகழ்வுகள் பதிவாயின. அவற்றுள் ஏழு பேரிடம் நேர்ந்த எட்டு நிகழ்வுகள் கருவியோடு அல்லது அறுவையோடு தொடர்புடையவை என மதிப்பிடப்பட்டன. சராசரியில் தோற்ற சிகிச்சை தனியொருவரிடம் வென்றிருக்கலாம். அவரைப் பொறுத்தவரை ‘பயனின்மை’ என்னும் புள்ளியியற் சொல் தம் வாழ்வோடு பொருந்தாத ஒன்று. மின்னேற்றம் செய்யவியலாத மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். மாற்ற மீண்டும் அறுவை வேண்டும். அங்கீகாரம் பெறாத சிகிச்சைக்குக் காப்பீடு அதைத் தருமா என்பது உறுதியற்றது.

இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. பார்வையிழந்தோர்க்கு விழித்திரைக் கருவி பொருத்திய செகண்ட் சைட் நிறுவனம் அக்கருவியைக் கைவிட்டபின் பயனாளர்கள் பழுதுபார்ப்பாரின்றி விடப்பட்டதும், கொத்துத் தலைவலிக்கான தூண்டல் கருவியைச் செய்த அட்டனாமிக் டெக்னாலஜிஸ் 2019இல் மூடப்பட்டதும் பொதுவெளியில் விரிவாகப் பதிவானவை. சோதனை முடிந்தபின் பங்கேற்றோர்க்குச் சிகிச்சை தொடர்வதற்கான ஏற்பாடு முன்னரே செய்யப்படவேண்டும் என ஹெல்சிங்கி அறிக்கை கூறுகிறது. அதைச் செயற்படுத்தும் பொறுப்பு ஆதரவு நிறுவனத்திற்கா, மருத்துவமனைக்கா, அரசுக்கா என்பதில் நாடுகளிடையே ஒருமித்த நடைமுறை இல்லை. மேபெர்க் இக்கண்டுபிடிப்பின் காப்புரிமை சார்ந்த உரிமத்தைக் கருவி நிறுவனத்திற்கு வழங்கியிருப்பதை அவர்தம் கட்டுரைகளே வெளிப்படுத்துகின்றன. வெளிப்படுத்தியது முறையே. ஆனால் வெளிப்படுத்துதல், முடிவைச் சுதந்திரமான பிறிதொரு குழு மீளச்செய்து காட்டுவதற்கு ஈடாகாது.

செயின்ட் ஜூட் நிறுவனத்தை 2017இல் கையகப்படுத்திய அபாட், இணங்கா மனச்சோர்வுக்கான புதிய இருமறைப்புச் சோதனையை 2024இல் அறிவித்துள்ளது. அதன் முடிவு வெளிவரும்போது முன்னேற்ற விகிதத்தைப் படிப்பதற்கு முன் இரண்டைத் தேடிப் பார்க்கவேண்டும்: நார்த்தடம் சரியாக அமைந்தும் நலம்பெறாதவர் எத்தனை பேர் என்னும் எண், மின்கலம் தீரும் ஆண்டில் அதை மாற்றித் தருபவர் யார் என்பதை ஒப்புதல் படிவம் எழுதியிருக்கும் விதம்.